விமானத் தூரமும் பயண நேரமும்: வாசகர் கேள்வி–பதில்

இரண்டு நகரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை என்று எழுதியவர்கள் குறைவு. ஆளுக்கொரு விடை கிடைக்கிறது, எதை நம்புவது என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஒரே சந்தேகம் பல கடிதங்களில் இருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம். இங்கே தரும் தூரங்கள் விமான நிலையத்துக்கு விமான நிலையம் கணக்கிட்டு முழு எண்ணாக்கியவை.

கே: லண்டன்–நியூயார்க் தூரத்தை இணையத்தில் தேடினேன். ஓர் இடத்தில் 5,540, இன்னோர் இடத்தில் 5,570, மூன்றாவது இடத்தில் 3,443, நான்காவதில் 2,991. எது சரி?

நான்குமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் அலகைப் பாருங்கள். 5,540 கிலோமீட்டர் என்பதும் 3,443 மைல் என்பதும் 2,991 கடல் மைல் என்பதும் ஒன்றே. சாதாரண மைல் 1.609 கி.மீ.; விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கி.மீ. வெறும் ‘மைல்’ என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று தெரியாமல் பெருக்காதீர்கள். இரண்டுக்கும் 15 சதவீத வித்தியாசம் இருக்கிறது. நீண்ட பயணத்தில் அது இரண்டு மணி நேரக் கணக்கையே புரட்டிவிடும்.

அலகு ஒன்றாக இருந்தும் எண் மாறினால், எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று பாருங்கள். சில தளங்கள் நகர மையத்திலிருந்து அளக்கும், சில விமான நிலையத்திலிருந்து. டோக்கியோவின் நரிட்டா நிலையம் நகரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது; ஹனெடா நகரத்தை ஒட்டியே இருக்கிறது. டோக்கியோ என்று மட்டும் எழுதி ஒரு தூரத்தைக் கொடுத்தால் அதில் அந்த அளவு தளர்ச்சி இருக்கத்தான் செய்யும்.

இன்னொரு சிறு காரணம், பூமி சரியான உருண்டை இல்லை என்பது. மையத்திலிருந்து நிலநடுக்கோடு 6,378 கி.மீ., துருவம் 6,357 கி.மீ. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் விடை அரை சதவீதம் வரை விலகலாம். பயணத் திட்டத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. போட்டித் தேர்வில் யாராவது கடைசி இலக்கம் வரை கேட்டால் குற்றம் உங்களுடையது அல்ல.

கே: தளம் எதுவும் இல்லாமல் நானே கணக்கிட முடியுமா? பள்ளிச் செயல்திட்டத்துக்காகக் கேட்கிறேன்.

தாராளமாக. சைன், கொசைன் உள்ள கால்குலேட்டர் போதும். அதை டிகிரி முறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதுங்கள். வடக்கும் கிழக்கும் கூட்டல் குறி, தெற்கும் மேற்கும் கழித்தல் குறி. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி ஓர் எண்ணாக வையுங்கள். பிறகு இரு அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகைகளின் வித்தியாசத்தின் கொசைனையும் ஒன்றாகப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி அதற்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் ஒரு கோணம் வரும். அதை 111.195 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர், 60 ஆல் பெருக்கினால் கடல் மைல்.

சிங்கப்பூர்–நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். சாங்கி நிலையம் 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. கென்னடி நிலையம் 40.64 வடக்கு, 73.78 மேற்கு. மேற்கு என்பதால் −73.78, ஆகவே தீர்க்கரேகை வித்தியாசம் 177.77 டிகிரி. முதல் பெருக்கல் 0.0155, இரண்டாவது −0.7580, கூட்டினால் −0.7425. தலைகீழ் கொசைன் 137.95 டிகிரி. தூரம் சுமார் 15,340 கி.மீ. வெளியிடப்படும் தூரத்துக்கும் இதற்கும் பத்துப் பன்னிரண்டு கி.மீ.தான் வித்தியாசம்.

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். மேற்குக்குக் கழித்தல் குறி போட மறந்தால் மேலுள்ள கணக்கில் வித்தியாசம் 30.21 டிகிரி என்றாகி, விடை 5,300 கி.மீ. என்று வரும், பத்தாயிரம் கிலோமீட்டர் காணாமல் போய்விடும். அடுத்து, 40 டிகிரி 38 நிமிடம் என்பதை 40.38 என்று எழுதுவது. 38-ஐ 60 ஆல் வகுத்து 40.63 என்றே எழுத வேண்டும். இல்லாவிட்டால் சுமார் 28 கி.மீ. பிழை. மூன்றாவது, ஸ்ப்ரெட்ஷீட்டில் கணக்கிடும்போது வருவது. அது டிகிரியை அறியாது, ரேடியனைத்தான் அறியும். உள்ளே போகும் ஒவ்வொரு கோணத்தையும் ரேடியனாக்குங்கள். வெளியே வரும் விடையும் ரேடியனில் இருக்கும், அதை 6,371 ஆல் பெருக்குங்கள்.

இந்த உதாரணத்தை வேண்டுமென்றே எடுத்தேன். தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 180 டிகிரி என்றால் இரண்டு நகரங்களும் உலகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டிப் போகும். அப்போது கால்குலேட்டரே வேண்டாம்: 180-இலிருந்து 1.36-ஐயும் 40.64-ஐயும் கழித்தால் 138. அவ்வளவுதான்.

கணக்கே பிடிக்காதவர்களுக்கு நூல் இருக்கிறது. உலக உருண்டையின் மேல் இரு நகரங்களையும் நூலால் இறுக்கிப் பிடித்து, நூலை அளந்துகொள்ளுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் ஒரு செ.மீ. சுமார் 425 கி.மீ. சிங்கப்பூர்–நியூயார்க் 36 செ.மீ. வரும். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

கே: ஏன் செய்யக்கூடாது? இருக்கைத் திரையில் பார்க்கும்போது விமானம் நேராகப் போகாமல் வடக்கே வளைந்து சுற்றிப் போவது ஏன் என்பதும் எனக்குப் புரியவில்லை.

இரண்டுக்கும் ஒரே பதில். வளைந்திருப்பது வரைபடம், விமானம் கூடுமானவரை நேராகத்தான் போகிறது. நாம் பழகிய உலகப் படம் 1569-இல் மெர்கேட்டர் வகுத்த முறையிலிருந்து வந்தது. கப்பல் ஒரே திசைகாட்டிக் கோணத்தில் போனால் படத்தில் அது நேர்க்கோடாக வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த வசதிக்கு விலையாக, துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்புகள் ஊதிப்போகின்றன. குறுக்கு வழிகள் வளைந்து தெரிகின்றன.

மாட்ரிட்டும் பெய்ஜிங்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 40 டிகிரி வடக்கில் இருக்கின்றன. படத்தில் ஸ்கேல் வைத்து நேர் கிழக்காகக் கோடு போட்டு, அந்த அட்சரேகையிலேயே பறந்தால் சுமார் 10,200 கி.மீ. உண்மையான குறுக்கு வழியோ நடுவில் 59 டிகிரி வடக்கைத் தாண்டி ஏறி இறங்குகிறது. அதன் தூரம் 9,200 கி.மீ. ‘சுற்றிப் போவதாக’ தெரியும் பாதை ஆயிரம் கிலோமீட்டர் குறைவு. நிலநடுக்கோட்டை ஒட்டியும், நேர் வடக்கு–தெற்காகவும் போகும் பாதைகளில் மட்டும் படமும் உண்மையும் ஒத்துப்போகும்.

கே: தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடாதா?

வரும், ஆனால் டிக்கெட்டில் உள்ள நேரத்தைவிடக் குறைவாக வரும். பெரிய ஜெட் விமானங்கள் மாக் 0.85 அளவில், அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கின்றன. 11 கி.மீ. உயரத்தில் வெளிக் குளிர் மைனஸ் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு 1,062 கி.மீ.தான். ஆகவே விமானம் சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகும். ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய ஜெட்கள் மாக் 0.78, அதாவது 830 கி.மீ. அளவு.

ஆனால் அந்த வேகம் பயணம் முழுவதும் இருப்பதில்லை. வாயிலிலிருந்து பின்னே தள்ளி, ரன்வே வரை ஊர்ந்து போக 10 முதல் 30 நிமிடம். மேலேறி நிலைக்கு வர 20–25 நிமிடம். பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது 460 கி.மீ. என்பதே வேக உச்சவரம்பு. இறங்கும்போது மறுபடி அதே கதை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து இறங்க வேண்டும் என்பதால் விமான நிலையத்தைக் கடந்துபோய்த் திரும்பி வருவதும் உண்டு.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கைக்கணக்கு: கிலோமீட்டரை 850 ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள். சிங்கப்பூர்–நியூயார்க் 15,340-க்கு 18 மணி 40 நிமிடம் வருகிறது. அட்டவணையும் அதை ஒட்டியே இருக்கிறது. லண்டன்–நியூயார்க் 5,540-க்கு 7 மணி 10 நிமிடம். 500 கி.மீ. தூரத்துக்கு ஒன்றேகால் மணி. சிறிய ஜெட் என்றால் 850-க்குப் பதில் 780. விசிறி வைத்த டர்போப்ராப் என்றால் 500 போடுங்கள். கிழக்கு–மேற்காக நீண்ட தூரம் போகும் பயணத்தில் இந்த விடையைப் போக வர சராசரியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: போகும்போது எட்டு மணி நேரம், வரும்போது ஏழு. அதே விமானம், அதே தூரம். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே. மேற்கே போகும்போதுதானே நகரம் நம்மை நோக்கி வந்து நேரம் குறைய வேண்டும்? வீட்டில் இதற்காக ஒரு வாக்குவாதமே நடந்துவிட்டது.

பூமி சுழலும்போது காற்றும் கூடவே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறது. ஓடும் ரயிலில் இன்ஜின் பக்கம் நடந்தாலும் கார்டு பக்கம் நடந்தாலும் ஒரு பெட்டியைக் கடக்க அதே நேரம்தான் ஆகிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. காற்று கூட வராமல் இருந்திருந்தால் எழும்பி நின்றாலே போதும், பயணமே தேவையில்லை.

வித்தியாசத்துக்குக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் காற்று ஆறு அது. மணிக்கு 150–200 கி.மீ. சாதாரணம், குளிர்காலத்தில் 300-ஐத் தாண்டும். வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையே வெப்ப வித்தியாசம் கூடும்போது இதுவும் வலுக்கிறது. பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கு இருக்கிறது: நிலநடுக்கோட்டுப் பக்கமிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவது அதுதான். ஆகவே வீட்டு வாக்குவாதத்தில் சுழற்சியை இழுத்தவருக்கும் கால் மதிப்பெண் கொடுக்கலாம்.

சராசரியாக 100 கி.மீ. காற்று இருப்பதாக வைத்துக் கணக்குப் பாருங்கள். லண்டன்–நியூயார்க் பாதையில் கிழக்கே வரும்போது தரைவேகம் 1,000. உயரத்தில் பறக்கும் நேரம் 5 மணி 32 நிமிடம். மேற்கே போகும்போது 800; 6 மணி 56 நிமிடம். போக வர இரண்டையும் கூட்டினால் காற்றே இல்லாத நாளைவிட 9 நிமிடம் அதிகம். வரும்போது கிடைத்த லாபம் போகும்போதைய நஷ்டத்தை ஈடுகட்டாது, ஏனென்றால் எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம்.

2020 பிப்ரவரி 9 அன்று, கியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். இல்லை, சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் போனது.

லண்டன்–ஜோஹனஸ்பர்க் போல வடக்கு–தெற்காகப் போகும் பாதைகளில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு.

கே: குறுக்கு வழி தெரிந்தும் சில விமானங்கள் வேண்டுமென்றே சுற்றிப் போகின்றனவே?

தூரத்தைக் குறைப்பது விமான நிறுவனத்தின் நோக்கம் அல்ல. எரிபொருளும் நேரமும் குறைய வேண்டும், சட்டமும் இடம் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் புறப்படும் விமானம் துருவத்தின் குறுக்கு வழியை விட்டுவிட்டு, பசிபிக் கடலுக்கு மேல் பின்காற்றைப் பிடித்துக்கொண்டு போவது வழக்கம். கிலோமீட்டர் கூடினாலும் காற்றுக்குள் பறக்கும் தூரம் குறைகிறது. வட அட்லாண்டிக் கடலின் மேல் பறப்பதற்கு அன்றன்றைய காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாகத் தடங்கள் வகுக்கிறார்கள்; பகலில் மேற்கே போவோருக்கு ஒரு தொகுப்பு, இரவில் கிழக்கே வருவோருக்கு ஒன்று. அதனால்தான் நேற்று போன பாதையில் இன்று போவதில்லை.

வான்வெளி மூடல் பெரிய அடி. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபோது, ஒன்பதரை மணி நேரம் அளவில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு நகரங்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன. தளங்கள் காட்டும் தூரமும் மாறவில்லை.

இரட்டை இன்ஜின் விமானத்துக்கு இன்னொரு கட்டுப்பாடு. ஓர் இன்ஜின் நின்றுபோனால் மற்றொன்றில் இத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட முடிய வேண்டும். 1985-இல் அட்லாண்டிக்கைக் கடக்க 120 நிமிடம் அனுமதித்தார்கள். இன்று போயிங் 787-க்கு 330 நிமிடம் வரையும் ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரையும் சான்று உண்டு. தென் அரைக்கோளத்தில், சிட்னி–சாண்டியாகோ போன்ற பாதைகளில், நடுவே இறங்க இடமே கிடையாது என்பதால் அங்கே இந்த எண் பாதையைத் தீர்மானிக்கிறது.

திபெத் பீடபூமியை விமானங்கள் பொதுவாகத் தவிர்ப்பது ஏன் என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் உடனே சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடியில் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான் வரும். பல விமானங்களில் சுமார் பதினைந்து நிமிடம். திபெத்தில் தரையே பல இடங்களில் 15,000 அடி. எங்கே இறங்குவது?

கே: ஜூலை 10 அன்று இரவு 7.30-க்கு ஆக்லாந்தில் ஏறினால் அதே ஜூலை 10 பகல் 12.30-க்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றை நேரடியாகக் கழிக்கக் கூடாது. இரண்டையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். ஜூலையில் ஆக்லாந்து யூடிசியைவிட 12 மணி முன்னால்; 7.30 இரவு என்பது யூடிசி காலை 7.30. லாஸ் ஏஞ்சலஸ் அப்போது 7 மணி பின்னால், பகல் 12.30 என்பது யூடிசி இரவு 7.30. பயணம் 12 மணி நேரம். தூரம் சுமார் 10,480 கி.மீ.; முன்பு சொன்ன கைக்கணக்கு 13 மணி என்கிறது; பின்காற்று ஒரு மணியைக் குறைத்திருக்கிறது.

திரும்பும்போதுதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 10-ஆம் தேதி இரவு 10 மணிக்கு ஏறி 13 மணி நேரம் பறந்தால் ஆக்லாந்தில் 12-ஆம் தேதி காலை 6 மணி. 11-ஆம் தேதி உங்கள் வாழ்க்கையில் வராது. ஹோட்டலை 11-க்குப் பதிவு செய்துவிட்டு, வரவில்லை என்று அறையை ரத்து செய்துவிட்டார்கள் எனப் புலம்புவது இங்கேதான். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 அல்லது +2 என்று இருக்கும். அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது பாருங்கள்.

கோடை நேர மாற்றமும் ஒரு கண்ணி. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் லண்டன்–நியூயார்க் வித்தியாசம் ஐந்து மணி இல்லை, நான்கு. எல்லா ஊரும் முழு மணிக் கணக்கில் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். நேபாளம் யூடிசியைவிட 5 மணி 45 நிமிடம் முன்னால்.

கே: டிக்கெட்டில் 8 மணி 10 நிமிடம் என்று போட்டிருந்தது. விமானி ‘பறக்கும் நேரம் 7 மணி 5 நிமிடம்’ என்று அறிவித்தார். ஒரு மணி நேரம் எங்கே போயிற்று?

அட்டவணை நேரம் வாயிலுக்கு வாயில்: சக்கரத் தடையை எடுத்த நொடியிலிருந்து மறுமுனையில் மீண்டும் வைக்கும் நொடி வரை. விமானி சொன்னது தரையை விட்டு எழும்பியதிலிருந்து தரை தொடும் வரை. நடுவில் இரு பக்கமும் தரையில் ஊரும் நேரம், அதோடு நிறுவனம் கைகாப்பாகச் சேர்த்துவைக்கும் நிமிடங்கள். நெரிசல் மிகுந்த நிலையங்களில் வானத்தில் வட்டமடிக்க நேரலாம் என்று முன்கூட்டியே அந்தக் கூடுதலைப் போடுகிறார்கள். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் ‘சரியான நேரம்’ என்றுதான் கணக்கு. அட்டவணையைத் தளர்த்தினால் புள்ளிவிவரம் அழகாகிவிடுகிறது. பயணிக்குப் பாதகம் இல்லை என்றாலும், சீக்கிரம் வந்து வாயில் காலியாகாமல் வெளியே காத்திருப்பது இதன் பக்கவிளைவு.

புறப்படும் நேரம் என்று அச்சிட்டிருப்பது பின்னே தள்ளும் நேரம். வாயில் அதற்கு 15–20 நிமிடம் முன்பே மூடும்.

கே: நேரடி விமானம் இல்லாத நகரத்துக்கு எந்த ஊரில் மாறினால் நேரம் மிச்சம்? டிக்கெட் தளம் முப்பது வழிகளைக் காட்டுகிறது.

இரண்டு துண்டுகளின் தூரத்தைக் கூட்டி, நேர்த் தூரத்தோடு ஒப்பிடுங்கள். லண்டன்–சிட்னி நேர்த் தூரம் 17,020 கி.மீ. சிங்கப்பூர் வழியே 10,880 + 6,300 = 17,180; கூடுதல் 160 கி.மீ., பத்துப் பன்னிரண்டு நிமிடம். துபாய் வழியே 5,500 + 12,040 = 17,540; கூடுதல் அரைமணிக்குச் சற்று மேல். லாஸ் ஏஞ்சலஸ் வழியே 8,780 + 12,050 = 20,830; நாலரை மணி நேரம் வானத்திலேயே வீண்.

ஆனால் கூடுதல் தூரத்தைவிட நிறுத்தமே அதிகம் தின்னும். இறங்கி, மாறி, மறுபடி ஏறுவதற்குக் குறைந்தது இரண்டு, இரண்டரை மணி வையுங்கள். ஆகவே சுற்று 500 கி.மீ.க்குள் இருந்தால் தூரத்தை மறந்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாறு நேரம் வகுத்திருக்கிறார்கள். ஒரே டிக்கெட்டில் வாங்கினால் அதற்குக் கீழே தளம் விற்காது, முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட்டுகளாக வாங்கினால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. பெட்டியை எடுத்து, குடியேற்றச் சோதனை தாண்டி, மறுபடி செக்–இன் செய்ய வேண்டும்; நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வைப்பது சூதாட்டம். வெளியே வர விசா வேண்டுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘டைரக்ட்’ என்றிருந்தால் நிறுத்தமே இல்லை என்று பொருள் அல்ல. ஒரே விமான எண்ணோடு நடுவில் இறங்கி ஏறும் பயணமும் அதில் அடங்கும். நிற்காமல் போக வேண்டுமென்றால் ‘நான்–ஸ்டாப்’ என்று தேடுங்கள்.

கே: உலகத்தில் எந்த இரு நகரத்துக்கும் நிற்காமல் பறக்க முடியுமா?

இன்னும் இல்லை. இரண்டு இடங்களுக்கு இடையே இருக்கக்கூடிய அதிகபட்ச தூரம் பூமியின் சுற்றளவில் பாதி, சுமார் 20,000 கி.மீ. மாட்ரிட்டும் வெலிங்டனும் அதற்கு மிக அருகில், 19,850. சிங்கப்பூர்–நியூயார்க் சேவையில் பறக்கும் ஏ350-900யுஎல்ஆர் 1,65,000 லிட்டர் எரிபொருளோடு சுமார் 18,000 கி.மீ. பறக்கக்கூடியது, அதற்காக சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதில் 161 இருக்கைகள்தான் வைத்திருக்கிறது. 18,000 என்பதை முழுதாகப் பயன்படுத்தவும் முடியாது. எதிர்க்காற்று, மாற்று நிலையம் வரை போகத் தேவையான எரிபொருள், அதற்கும் மேல் 30 நிமிடக் கடைசி இருப்பு, எல்லாம் போக மீதிதான் பயணத்துக்கு. சிட்னி–லண்டனை நிற்காமல் இணைக்க குவாண்டாஸ், பின்பக்கம் 20,000 லிட்டர் கூடுதல் டாங்கி வைத்த ஏ350-1000 விமானங்களை ஆர்டர் செய்திருக்கிறது. 22 மணி நேரம் வரை ஆகலாம் என்பது அவர்கள் கணக்கு.

தூரம் கூடும்போது எரிபொருள் அதே விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடும். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் சுமக்க வேண்டுமே. மிக நீண்ட பாதையில் நடுவில் ஒருமுறை இறங்கி நிரப்பினால் மொத்த எரிபொருள் குறையக்கூடும். பயணி விரும்புவது நேரத்தை. அதனால்தான் நான்–ஸ்டாப் டிக்கெட்டின் விலை பெரும்பாலும் கூடுதல்.

கே: ஐம்பது ஆண்டுகளாக விமானங்கள் ஏன் வேகம் கூடவில்லை?

மாக் 0.85-ஐத் தாண்டினால் இறக்கையின் மேலே ஓடும் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டு அதிர்வலைகள் உண்டாகின்றன. காற்றின் இழுவை சட்டென்று எகிறுகிறது. சில நிமிடம் மிச்சம் பிடிக்க டன் கணக்கில் எரிபொருள் செலவாகும். இந்தச் சுவரை உடைத்துப் போன கான்கார்ட் மாக் 2-இல் பறந்தது. 1996 பிப்ரவரி 7-இல் நியூயார்க்–லண்டனை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் முடித்தது. சுமார் நூறு பயணிகளுக்கு அது குடித்த எரிபொருளும், தரைக்கு மேல் அதன் ஒலிவெடிப்புக்கு இருந்த தடையும் சேர்ந்து, 2003 அக்டோபரில் பயணிகள் சேவை நின்றது. அதற்குப் பிறகு லண்டன்–நியூயார்க் பயணிக்கு ஏழு, எட்டு மணி நேரம்தான். காற்று நல்லபடி இருந்தால் ஆறரை.